விளக்குக்காரியும் என் ஓரகத்தியும்

கார்ட்டூன் பார்க்கிற வயதா இது என்று என் கணவர் கேட்காத வாரம் இல்லை. நாற்பத்தேழு வயதில், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, மந்திரக் கோட்டைகளும் பறக்கும் ஆமைகளும் வருகிற அனிமேஷன் தொடர்களைப் பார்க்கிறேன். பார்ப்பதோடு விடுவதுமில்லை. அந்தக் கதாபாத்திரங்களை எழுதியவர்களைத் திட்டவும் செய்கிறேன். யாராவது ஒரு துண்டுக் காட்சியை இணையத்தில் போட்டால் போதும், அதன் கீழே தமிழில் முழ நீளத்துக்குக் கருத்து எழுதிவிடுவேன். பதில் போடுகிற பிள்ளைகள் என்னை 'புரோ' என்பார்கள். "புரோ, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு" என்று ஒருவன் எழுதியிருந்ததை மாவு அப்பிய கையோடு படித்துவிட்டு அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். நான் புரோ இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள் என்று திருத்தவில்லை.

மட்டாஞ்சேரியில் இட்லி தோசை மாவு ஆட்டி விற்கிறோம். நானும் என் கணவருடைய தம்பி மனைவியும். அதாவது என் ஓரகத்தி. தென்காசிப் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம், அவள் வந்து ஏழு வருடம். அண்ணனும் தம்பியும் எர்ணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். விடியுமுன் கிளம்பிப் போய் மதியம் வந்து கவிழ்ந்து படுத்துக்கொள்வார்கள். மாவுக் கடை எங்கள் இருவர் பொறுப்பு. முன்பு இஞ்சி மூட்டை அடுக்கிக் கிடந்த பழைய கிடங்கில் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டால் சுவரிலிருந்து இப்போதும் சுக்கு வாசனை வரும்.

கார்ட்டூனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு மாவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் விஷயமே. என் ஓரகத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதக் கிளம்பினாள், அதை நான் ஏறக்குறையக் கெடுத்தேன். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட ஒரு கணக்கில் சேரும். நான் அவளைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

மாவு ஆட்டுவது மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. அதற்கு முன்னால் ஆட்டினால் கொச்சிப் புழுக்கத்தில் விடிவதற்குள் புளித்துப் பாத்திரத்தை விட்டு வழியும். பிந்தினால் காலையில் சாயாக்கடைக்காரர்கள் "சேச்சீ, இது பொங்கிட்டில்ல" என்று போன் போட்டுப் புலம்புவார்கள். இரண்டு பெரிய கிரைண்டர்கள். ஒன்றுக்கு அவள், ஒன்றுக்கு நான். ஆட்டத் தொடங்கினால் விட்டு நகர முடியாது. தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஒதுங்குவதைத் தள்ளிவிட வேண்டும், மாவு சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடேறிய மாவு அப்புறம் எதற்கும் ஆகாது. கைக்குத்தான் வேலை, மூளைக்கு வேலை இல்லை. அரிசிச் சாக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துத் தொடர் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

இரண்டு கிரைண்டரும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதருகே வந்து கத்தினால்தான் கேட்கும். போனில் தமிழ் டப்பிங் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு வார்த்தை விழாது. திரையின் அடியில் எழுத்து வர வைக்கலாம் என்று பார்த்தால் அந்தத் தொடருக்குத் தமிழ் எழுத்து இல்லை, மலையாளம் இருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், சண்டை போடவும் வரும், படிக்க மட்டும் வராது. இருபத்திரண்டு வருடமாக கண்டக்டர் கத்துகிற ஊர்ப் பெயரைக் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். ஆகவே ஆரம்பத்தில் சும்மா படம் பார்த்துக் கதை யூகித்தோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஓரகத்தி திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். முதலில் திக்கித் திக்கி, போகப் போக மளமளவென்று. படித்து, தமிழாக்கி, என் காதில் கத்துவாள். எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு மலையாள எழுத்துத் தெரியாமல் இந்த ஊருக்கு வந்து இறங்கியவள் எங்கே படித்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வசதியான காரியங்களை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

நாங்கள் விடாமல் பார்த்த தொடரில் கடல் வற்றிப்போன ஒரு ராஜ்ஜியம். கதாநாயகி உப்பை ஆட்டிவைப்பவள். கையை உயர்த்தினால் உப்பளமே எழுந்து நிற்கும். படம் வரைந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எழுதியவர்கள்தான் என் ரத்த அழுத்தத்துக்குக் காரணம்.

அந்தப் பெண்ணுக்குக் களைப்பே வராது. மூன்று நாள் பாலைவனத்தில் நடப்பாள், மலை ஏறுவாள், எதிரியின் படையைச் சாய்ப்பாள், அடுத்த காட்சியில் தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல் நீதி பேசுவாள். வலிமையான பெண்ணாம். வலிமை என்றால் இடுப்பு வலிக்காதது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? பசி என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அந்தப் பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று ஒரு எபிசோடிலும் காட்டவில்லை. "இதெல்லாம் யாருக்கா பாப்பாங்க" என்று ஓரகத்தி சிரிப்பாள். நான் பார்ப்பேன். பத்து பேர் சாப்பிட்டால் பத்துப் பாத்திரம் விழும், அது எந்த ராஜ்ஜியமானாலும் சரி.

வில்லன் கதை இன்னும் மோசம். இரண்டு சீசன் முழுக்க ஊர் ஊராக எரித்தவன். மூன்றாவதில் ஒரு குழந்தை அவனுக்கு மாதுளம்பழம் கொடுத்தது. அழுதான், திருந்தினான். அதே எபிசோடில் எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். வீடு போனவர்கள் ஒருத்தர்கூட "போடா" என்று சொல்லவில்லை. என் மாமியார் ஒரு வெள்ளித் தம்ளர் காணாமல் போனதற்குப் பதினோரு வருடம் ஒருத்தியோடு பேசவில்லை, நிஜ உலகம் அப்படித்தான் இருக்கிறது. இதை அப்படியே எழுதினேன். தம்ளர் கருத்துக்கு நல்ல வரவேற்பு.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது விளக்குக்காரி. கதாநாயகியின் தோழி. குகையிலும் கோட்டையிலும் அவளுக்கு முன்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பவள். மூன்று சீசன் நடந்தாள். "பார்த்துப் போ", "நான் இருக்கிறேன்", "நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும்", இந்த மூன்றைத் தவிர வேறு வசனம் உண்டா என்றால் இல்லை. அவளுக்கு அம்மா உண்டா, வீடு உண்டா, கதாநாயகி தூங்கும்போது அவள் என்ன செய்வாள், எதற்காக இந்த வேலைக்கு வந்தாள்? ஒன்றும் கிடையாது. கையில் விளக்கைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். 'ஒரு மனுஷியைத் தூண் மாதிரி எழுதினால் அவளும் தூண் மாதிரித்தான் நிற்பாள்' என்று எழுதிப் போட்டேன். அதைத்தான் நூற்றுக்கு நூறு என்றான் அந்தப் பையன்.

இந்த வருடம் சிங்ஙம் மாதம் பிறக்கப் போகிற சமயம். நம் ஆவணிதான். இங்கே கல்யாணங்கள் நெருக்கியடித்து வரும். பள்ளுருத்தியில் கல்யாணச் சமையல் எடுக்கிற ஒருவர் காலையில் வந்து நின்றார். அடுத்த மாதம் பத்து நாள், தினமும் இரண்டு மடங்கு மாவு, ஒரு நாளும் தவறக் கூடாது. "சேச்சிக்குப் பற்றுமோ?" என்றார். முடியுமா என்று கேட்கிறாரே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பின்னே, ரெண்டு பேர் இருக்கோமில்ல" என்று சொல்லி அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். ஓரகத்தி உள்ளே உளுந்து களைந்துகொண்டிருந்தாள். பத்தடி தூரம் இருக்கும். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு வருடத்தில் எந்த ஆர்டருக்கும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மூத்த மருமகள் ஒப்புக்கொண்டால் இளையவளும் ஒப்புக்கொண்டதாகத்தான் வழக்கம். என் மாமியார் என்னைக் கேட்காமல் செய்தபோது பல்லைக் கடித்தவள், அதே காரியத்தை என் முறை வந்ததும் சுலபமாகச் செய்தேன்.

அவளுக்குச் சொல்லவும் மறந்துவிட்டேன். மறுநாள் மதியம் ஆட்டிக்கொண்டிருக்கும்போது நான்காம் சீசனின் புது எபிசோட் பார்த்தோம். அதில்தான் விளக்குக்காரி போய்விடுகிறாள். கதாநாயகி கடைசிக் கோட்டைக்குள் நுழையப் போகிற நேரம், வாசலில் விளக்கை இறக்கி வைத்துவிட்டு, "எனக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறாள். கதாநாயகி இருட்டில் நிற்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அதற்குள் கீழே கூட்டம் கூடிவிட்டது. துரோகி, நன்றி கெட்டவள், எழுத்தாளரைத் தூக்கு என்று ஆளாளுக்கு. நானும் எழுதினேன். ஒரு காரணமும் சொல்லாமல் ஒரு கதாபாத்திரத்தைத் திடீரென்று கிளப்பிவிடுவது எழுதத் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று. எழுதியதை ஓரகத்தியிடம் கத்திப் படித்துக் காட்டினேன். எப்போதும் சிரித்து ஆமாம் போடுகிறவள் அன்று சிரிக்கவில்லை.

"காரணம் இருந்திருக்கும்க்கா" என்றாள்.

"எங்கடீ காட்டினாங்க?"

"காட்டலேன்னா இல்லேன்னு ஆயிடுமா? மூணு சீசனா ஒருத்தரும் அவளக் கேக்கலியே."

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "அக்கா, அடுத்த மாசம் ஒரு ஒம்பது நாள் உச்சிக்கு மேல எனக்கு வர முடியாது. பரீட்சை இருக்கு."

யாருக்குப் பரீட்சை என்று கேட்டேன். அவள் மகன் இரண்டாம் வகுப்பு. அவனுக்கு என்ன பெரிய பரீட்சை என்றுதான் என் புத்தி போயிற்று.

"எனக்குத்தான். பத்தாங்கிளாஸ். ஞாயித்துக்கிழமை கிளாஸ் உண்டுல்ல, படிப்ப விட்டவங்களுக்கு சர்க்கார் நடத்துறது. எடக்கொச்சி ஸ்கூல்ல. மொதல்ல எழுத்துக் கிளாஸ் போனேன், அப்புறம் இதுல சேந்தேன். ரெண்டு வருஷமாச்சு."

ஞாயிறுதோறும் அவள் இடக்கொச்சிக்குப் போவது எனக்குத் தெரியும். அங்கே அவளுடைய பெரியம்மா மகள் இருக்கிறாள், அக்கா தங்கச்சி பேசப் போகிறார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எடக்கொச்சி போறேன்க்கா என்பாள், நான் தலையாட்டுவேன்.

இதற்கு அடுத்து நான் சொன்னதை இப்போது எழுதவே கை கூசுகிறது. சபாஷ் என்று சொல்லவில்லை. எப்படிடீ படிச்ச என்று கேட்கவில்லை. "ஐயோ, ஆர்டர் எடுத்துட்டேனே" என்றேன். எந்தத் தேதி என்று கேட்டாள், சொன்னேன். ஒன்பது நாளில் ஏழு நாள் அப்படியே மோதியது. பரீட்சை மதியம்தான். மாவும் மதியம்தான். பிறகு இன்னொன்றும் சொன்னேன். "இத்தன நாள் இல்லாத பரீட்சை, அடுத்த வருஷம் எழுதினா ஆகாதா?"

அவள் தன் கிரைண்டரை நிறுத்தினாள். பாதி உளுந்து உள்ளே இருந்தது. ஏழு வருடத்தில் பாதியில் நிறுத்தியது அன்றுதான். ஒரு கிரைண்டர் மட்டும் ஓடியதில் அவள் குரல் கத்தாமலே கேட்டது.

"தூண் மாதிரி எழுதினா தூண் மாதிரித்தான் நிப்பான்னு நீங்கதான எழுதினீங்க? நான் எந்த ஸ்கூல்ல எத்தன வரை படிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? எனக்குக் கணக்கு வருமா, வராதா? ஒண்ணாவது தெரியுமா?"

தெரியவில்லை. அவளுக்கு மோர் பிடிக்காது, வலது கை மணிக்கட்டு வலிக்கும், மழையில் துணி காயாவிட்டால் எரிச்சல் படுவாள், இவ்வளவுதான் தெரியும். கடல் வற்றிய ராஜ்ஜியத்தில் ஒருத்தியின் அம்மா யாரென்று மூன்று சீசனாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து மாவு ஆட்டியவள் எத்தனையாம் வகுப்பில் நின்றாள் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று பாய்ந்தேன்.

"நீங்க கேக்கல" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் சுவிட்சைப் போட்டாள். மாவு வீணாகக் கூடாதே.

மாலையாயிற்று. பாத்திரங்களை மூடி வைத்துவிட்டு அவள் கிளம்பும்போது, "போய் எழுது, நான் பாத்துக்கறேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னேன். பெரிய மனது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேறு வழியில்லாமல் சொன்னது.

பரீட்சை தொடங்கிய நாள் தனியாக நின்றேன். இரண்டு கிரைண்டர், இரட்டிப்பு மாவு, இரண்டே கை. என் கணவரை எழுப்பி உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். இதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்புவதற்குள் அது சூடேறிவிட்டது. மறுநாள் காலை கல்யாணக்காரர் இரண்டு பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினார். அவர் பேசிய பேச்சை வாங்கிக்கொண்டு நின்றபோது, மனதுக்குள் அவளைத்தான் திட்டினேன். எல்லாம் தெரிந்த பிறகும் திட்டினேன். களைத்துப் போனவளுக்கு நியாயம் தெரிவதில்லை. ஒருவேளை அதனால்தான் உப்புப் பெண்ணுக்குக் களைப்பே வைக்கவில்லையோ என்னவோ, வைத்திருந்தால் அவள் அத்தனை நல்லவளாக நடந்துகொள்ள முடியாது.

இரண்டாம் நாளிலிருந்து பக்கத்துச் சந்தில் ஆப்பம் சுடும் ஒரு அம்மாவைக் கூலிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். மாவு ஒழுங்காக வந்தது. என் இடுப்புதான் ஒழுங்காக இல்லை.

ஓரகத்தி தினமும் ஐந்தரைக்கு வருவாள். கட்டிய புடவையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரைண்டர் கழுவ உட்காருவாள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பரீட்சை எப்படி என்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றில்லை, அந்த நேரத்தில் எனக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை. நான்காம் நாள் படுக்கையில் விழுந்த பிறகுதான், இன்றைக்கும் கேட்கவில்லையே என்று உறைத்தது. எழுந்து உட்கார்ந்தேன். ஒரே வீடு, அடுத்த அறைதான். ஆனால் விளக்கு அணைந்திருந்தது, மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

அந்த நாட்களில் தொடர் பார்க்கவில்லை. படித்துச் சொல்ல ஆளில்லை. ஒரு நாள் மட்டும் போனை எடுத்து, விளக்குக்காரியைப் பற்றி நான் எழுதியதன் கீழே இன்னொன்று எழுதினேன். அவளுக்குக் காரணம் இருந்தது, கதாநாயகிதான் கேட்கவில்லை, மூன்று சீசன் கூடவே நடந்தவளை ஒரு வார்த்தை கேட்காத கதாநாயகியைத்தான் மோசமாக எழுதியிருக்கிறார்கள் என்று. நூற்றுக்கு நூறு போட்ட அதே பையன் வந்து, "புரோ, இப்படிப் பல்டி அடிச்சிட்டீங்களே" என்று கேட்டான். போனை மூடி வைத்தேன். அவனுக்கு என் வீட்டுக் கதையெல்லாம் எப்படிச் சொல்வது?

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அவள் கொஞ்சம் முன்னதாகவே வந்தாள். கல்யாண ஆர்டரும் இரண்டு நாள் முன்பே தீர்ந்திருந்தது. ஒரே கிரைண்டர்தான் ஓடியது, அதையும் நிறுத்தியாயிற்று. வெளியே தூறல். அவளுக்கும் எனக்கும் சாயா வாங்கி வைத்திருந்தேன். அவள் அதைக் குடித்துவிட்டு, வழக்கம்போல் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். முழங்கால் மடங்க மறுத்தது. கேட்டுவிட வேண்டும் என்று ஐந்து நாளாக வைத்திருந்த கேள்வி. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஏழு வருடமாகக் கூட இருப்பவளிடம் ஒரு கேள்வி கேட்க இவ்வளவு கூச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"பாஸாயிட்டா, அப்புறம் என்ன செய்யணும்னு இருக்க?" என்று கேட்டேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலுப்போடு கேட்டாள், "எந்தத் தேதிக்குக்கா ஆர்டர் எடுத்திருக்கீங்க?"

ஒன்றும் எடுக்கவில்லை, சத்தியமாக, சும்மாதான் கேட்டேன் என்றேன். "ம்" என்றாள். அடுத்த பாத்திரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள்.